சொறி, சிரங்கு, கரப்பான்: காரணம் அறிந்து மருந்திடுதல்

ஓர் அங்கத்தினர் கடனுக்கு மனுச் செய்துகொண்டால், சங்கத்தின் நிர்வாகக் குழுவினர் முதன்முதலில் கேட்பது, "கடன் எதற்காக?" என்பதேயாம். விதைக்கா, உரத்திற்கா, உழவு மாட்டிற்கா, பழைய கடனைத் தீர்ப்பதற்கா என்று ஆராயாமல் பணம் கொடுக்கும் சங்கம் நெடுநாள் நிலைத்திராது. இவ்வுண்மையை நன்கறிந்த நம் அங்கத்தினர்கள், தங்கள் தேகத்தில் அரிப்புக் கண்டபோது மட்டும், "இஃது எதனால் வந்தது?" என்று கேளாமலே கையிற் கிடைத்த மருந்தைப் பூசிவிடுகின்றனர். அதனால் விளையும் நஷ்டம் சிறிதன்று. அதனை எடுத்துக் காட்டுவதே இப்பாடத்தின் நோக்கம்.

சிதம்பரம் தாலூகாவில் ஒரு கிராமத்திற்குத் தவணை தவறிய கடன்களை விசாரிக்கச் சென்றிருந்தேன். அதுவரையில் ஒரு தவணையேனும் தவறாத ஓர் அங்கத்தினரின் பெயர் அவ்வாண்டு ஜாபிதாவில் இருந்தது. காரணம் வினவினேன். "ஐயா, பையனுக்குச் சிரங்கு கண்டது, பணமெல்லாம் அதிலேயே போய்விட்டது" என்றார். சிரங்கிற்கு இவ்வளவு செலவா என்று வியந்து மேலும் கேட்டேன். மழைக்காலத்தில் பையனுடைய விரலிடுக்குகளில் சிறு குருக்கள் தோன்றி, இரவில் தூங்கவொட்டாமல் அரித்திருக்கின்றன. தகப்பனார் மருந்துக் கடையில் ஒரு களிம்புக் குழாய் வாங்கிப் பூசினார். இரண்டு நாளில் அரிப்பு அடங்கிற்று. பத்து நாளில் முன்னிலும் அதிகமாக வந்தது. மீண்டும் ஒரு குழாய், அப்பால் மற்றொன்று. இதற்குள் தாய்க்கும் தங்கைக்கும் பாட்டிக்கும் அரிப்புத் தொற்றிவிட்டது. பையன் சொறிந்து சொறிந்து புண்ணாகி, புண்ணில் சீழ் வைத்தது. சில வாரங்கள் சென்றபின் ஒரு நாட் காலை அவன் முகம் வீங்கியிருந்தது. சிறுநீர் தேயிலைக் கஷாயம் போல் கறுத்திறங்கிற்று. ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது, சிரங்குப் புண்ணில் புகுந்த கிருமியின் விளைவாகச் சிறுநீரகம் அழற்சியுற்றிருப்பதாக வைத்தியர் கூறினார். தெய்வாதீனமாகப் பையன் பிழைத்தான். ஆனால் ஒரு மாதக் கூலியும், பள்ளிப் படிப்பும், சங்கத் தவணையும் போயின. தொடக்கத்திலேயே காரணம் அறிந்து, வீட்டார் எல்லோரும் ஒரே நாளில் மருந்து பூசிக்கொண்டிருந்தால், இவற்றுள் ஒன்றும் நேர்ந்திராது.

அரிப்பு ஏன் உண்டாகிறது?

நமது தோல் தேகத்திற்கு வேலி போன்றது. வேலியைத் தாண்டி ஏதேனும் உள்ளே நுழைந்தாலும், நுழைய முயன்றாலும், தோலிலுள்ள காவற் பொருள்கள் விழித்தெழுகின்றன. அவ்விடத்திற்கு இரத்தம் மிகுதியாகப் பாய்வதால் சிவப்பும் சூடும் தோன்றும்; நீர் கசிவதால் தடிப்போ குருவோ கொப்புளமோ எழும்; நரம்பு நுனிகள் தூண்டப்படுவதால் நமைச்சல் உண்டாகும். இதனையே அழற்சி என்பர். எனவே, அரிப்பு என்பது தனி வியாதியன்று. அஃது ஓர் அறிவிப்பு மணி. மணி அடிப்பதை மட்டும் நிறுத்திவிட்டால் திருடன் போய்விடமாட்டான்.

சொறிவதும் ஒரு தீங்கே. சொறியுந்தோறும் தோல் கிழிந்து, மேலும் அழற்சி மிகுந்து, மேலும் அரிக்கின்றது. நகத்தின் அழுக்கு வழியாகச் சீழ்க் கிருமிகள் புகுகின்றன. ஆகவே அரிப்புடையவர், முக்கியமாகக் குழந்தைகள், நகங்களை ஒட்ட வெட்டிக்கொள்ள வேண்டும். அரிக்குமிடத்தில் குளிர்ந்த நீரில் நனைத்த துணியை வைத்தால் நமைச்சல் சற்றுத் தணியும்.

சொறி சிரங்கு: வீட்டார் அனைவர்க்கும் பொதுவான கடன்

நமது நாட்டில் சிரங்கு என்று பல புண்களையும் பொதுவாகச் சொல்வது வழக்கம். இங்கே நாம் குறிப்பது, ஒருவரிடமிருந்து ஒருவர்க்குத் தொற்றும் சொறி சிரங்கையேயாம். இதற்குக் காரணம் கண்ணுக்குப் புலப்படாத ஒரு சிறு பூச்சி. பெண் பூச்சியின் நீளம் ஒரு மில்லிமீட்டரில் மூன்றிலொரு பங்கு அல்லது சற்று மிகுதி. அது தோலின் மேற்படலத்தைக் குடைந்து வளை செய்து, நாளொன்றுக்கு இரண்டு மூன்று முட்டைகள் இடுகின்றது. மூன்று நான்கு நாட்களில் முட்டை பொரிந்து, சுமார் இரண்டு வாரத்திற்குள் குஞ்சு முழுப் பூச்சியாகிவிடும். ஒருவர் உடலில் பொதுவாகப் பத்துப் பதினைந்து பூச்சிகளே இருக்கும். ஆயினும் அவற்றின் எச்சத்தையும் முட்டையையும் தேகம் ஒவ்வாத பொருளாகக் கருதுவதால் உடலெங்கும் அரிக்கின்றது.

இத்தாலி தேசத்து வைத்தியரான பொனோமோ என்பவர், செஸ்தோனி என்னும் மருந்துச் சாலைக்காரருடன் சேர்ந்து, 1687-ஆம் ஆண்டிலேயே பூதக் கண்ணாடியால் இப்பூச்சியைக் கண்டு எழுதினார். அதாவது, சிரங்கு இரத்தக் கெடுதியால் வருவதன்று, பூச்சியால் வருவது என்பது மூன்று நூற்றாண்டுகளுக்கு மேலாக அறியப்பட்ட செய்தி. உலக சுகாதார நிறுவனம் 2017-ஆம் ஆண்டில் இதனைப் புறக்கணிக்கப்பட்ட வெப்ப மண்டல வியாதிகளின் வரிசையில் சேர்த்தது. உண்மையில் இது புறக்கணிக்கப்பட்ட வியாதியே, "சிரங்குதானே!" என்று சொல்லாதவர் யார்?

இதனை அறியும் அடையாளங்கள் நான்கு. முதலாவது, அரிப்பு இரவில் மிகும். இரண்டாவது, விரலிடுக்கு, மணிக்கட்டு, அக்குள், கொப்பூழ், இடுப்பு, பிட்டம், ஆண் பெண் குறியிடங்கள் ஆகியவற்றில் சிறு குருக்கள் காணும். கைக்குழந்தைகட்கு உள்ளங்கை, உள்ளங்கால், தலை ஆகியவற்றிலும் தோன்றும். மூன்றாவது, விரலிடுக்கில் உற்று நோக்கினால் மெல்லிய கோடு போன்ற வளை தென்படலாம். நான்காவது, எல்லாவற்றிலும் முக்கியமானது, வீட்டில் வேறு ஒருவர்க்கும் அரிப்பு இருக்கும்.

இங்கு ஒரு நுட்பம் உண்டு. முதன்முறையாகப் பூச்சி ஏறியவர்க்கு நான்கு முதல் ஆறு வாரம் வரையில் அரிப்பே தோன்றாது. அந்நாட்களில் அவர் தாம் சுகமாயிருப்பதாக எண்ணிக்கொண்டு பிறர்க்குக் கொடுத்துக்கொண்டிருப்பார். ஆகையால்தான், அரிப்புள்ள பையனுக்கு மட்டும் மருந்திட்டால் பயனில்லை. அவன் குணமானவுடன், அரிப்பின்றியே பூச்சியைச் சுமக்கும் தாயிடமிருந்தோ பாட்டியிடமிருந்தோ அது மீண்டும் அவனை வந்தடையும்.

பழைய கிராமக் கடன் சங்கங்களில் வரம்பற்ற பொறுப்பு என்ற விதி இருந்ததைப் பெரியோர் அறிவர். 1904-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் நமது நாட்டில் கூட்டுறவு இயக்கம் தோன்றியபோது கிராமச் சங்கங்கள் அவ்விதியின் மீதே கட்டப்பட்டன: ஒருவர் கடனுக்கு எல்லோரும் பொறுப்பாளிகள். சொறி சிரங்கும் அத்தகையதே. ஒரு வீட்டில் ஒருவர்க்கு வந்தால் அது வீட்டார் அனைவரின் கடன்; எல்லோரும் ஒரே நாளில் தீர்த்தாலன்றித் தீராது.

சிகிச்சை முறை

இக்காலத்தில் பெரும்பாலும் கொடுக்கப்படுவது பெர்மெத்ரின் என்னும் 5 சதவீதக் களிம்பு. வைத்தியரோ செவிலியரோ பார்த்து இது சொறி சிரங்கே என்று சொன்னபின், அடியிற் கண்டவாறு செய்க.

மாலையில் குளித்துத் துவட்டி, தேகம் உலர்ந்தபின், கழுத்து முதல் உள்ளங்கால் வரை ஓரிடமும் விடாமற் பூசவேண்டும். குரு உள்ள இடத்தில் மட்டும் பூசுவதே பலரும் செய்யும் தவறு. விரலிடுக்கு, நகக்கண், கொப்பூழ், தொடையிடுக்கு, கால்விரல்களின் நடுப்பகுதி ஆகியவை விடுபடலாகாது. கைக்குழந்தைகட்கு முகமும் தலையும் சேர்த்து, கண்ணிலும் வாயிலும் படாதவாறு பூசுவர். இரண்டு மாதத்திற்குட்பட்ட சிசுவிற்கும் கர்ப்பிணிகட்கும் எம்மருந்து என்பதை வைத்தியரே சொல்லவேண்டும். எட்டு முதல் பதினான்கு மணி நேரம் மருந்து தேகத்தில் இருக்கவேண்டுமாதலால், இரவில் பூசிக் காலையில் குளிப்பது வசதி. இடையில் கை கழுவினால் கையில் மட்டும் மறுபடி பூசுக. வளர்ந்த ஒருவர்க்கு ஒரு தடவைக்குச் சுமார் 30 கிராம் வேண்டியிருக்கும். ஒரு சிறு குழாயை ஐந்து பேர் பங்கிட்டுக்கொள்வது, ஓர் ஏக்கருக்குரிய விதையை ஐந்து ஏக்கரில் தெளிப்பது போன்றதாம். ஒரு வாரம் கழித்து எல்லோரும் மீண்டும் ஒருமுறை பூசவேண்டும். முதற்பூச்சிற்குத் தப்பிய முட்டைகள் பொரிந்திருப்பின் அவையும் அழியும்.

ஐவர்மெக்டின் என்னும் மாத்திரையும் உண்டு. அதனை எடைக்குத் தக்கபடி வைத்தியரே அளந்து கொடுக்கவேண்டும். கர்ப்பிணிகட்கும் 15 கிலோவிற்குக் குறைந்த எடையுள்ள குழந்தைகட்கும் அது வழங்கப்படுவதில்லை.

மருந்து பூசிய மறுநாட் காலையில், முன் மூன்று நாட்களில் உடுத்திய துணி, போர்வை, தலையணை உறை ஆகியவற்றை வெந்நீரில் துவைத்து வெயிலில் நன்கு உலர்த்துக. துவைக்க இயலாதவற்றை ஒரு பையிலிட்டு இறுகக் கட்டி ஒரு வாரம் வைத்துவிட்டால் போதும். மனித தேகத்தை விட்டுப் பிரிந்த பூச்சி பொதுவாக இரண்டு மூன்று நாட்களுக்குமேல் உயிர் வாழாது. துணியைப் பற்றி அளவுக்கு மீறிய அச்சமும் வேண்டுவதில்லை. 1941-ஆம் ஆண்டில், யுத்த காலத்தில், கென்னத் மெல்லன்பி என்னும் அறிஞர் இங்கிலாந்தின் ஷெப்பீல்டு நகரில் ஒரு பரீட்சை செய்தார். சிரங்குடைய போர் வீரர்களின் போர்வைகளில், மனமுவந்து முன்வந்த சிலரைப் படுக்கச் செய்தார். மிகச் சிலருக்கே வியாதி தொற்றிற்று. தேகத்தோடு தேகம் நெடுநேரம் ஒட்டியிருப்பதே முக்கிய காரணம் என்பது அதனால் விளங்கிற்று. ஒரே பாயில் படுத்துறங்கும் குழந்தைகளிடையிலும், வெள்ளக் காலத்தில் நிவாரண முகாம்களில் நெருங்கித் தங்குவோரிடையிலும் இது பரவுவதன் காரணம் இதுவே. 2015-ஆம் ஆண்டு வெள்ளத்தைக் கண்ட நம் ஜில்லாவினர்க்கு முகாம் வாழ்வின் நெருக்கடியை எடுத்துச் சொல்லத் தேவையில்லை.

சரியாக மருந்திட்ட பின்னும் இரண்டு மூன்று வாரம் அரிப்பு நீடிக்கலாம். பூச்சி இறந்தும் அதன் எச்சம் தோலில் தங்கியிருப்பதால் இவ்வாறாகின்றது. இதனைக் கண்டு, மருந்து பலிக்கவில்லையென்று தினந்தோறும் பூசுதல் கூடாது. அது தோலைப் புண்ணாக்கும். நான்கு வாரத்திற்குப் பின்னும் புதிய குருக்கள் தோன்றினால் மீண்டும் வைத்தியரிடம் காட்டுக.

ஓர் எச்சரிக்கை. வயலுக்கு அடிக்கும் பூச்சி மருந்தையோ மண்ணெண்ணெயையோ சிரங்கிற்குப் பூசுவோர் சிலர் உளர். பூச்சி மருந்து தோல் வழியே உள்ளேறி உயிருக்கே ஆபத்தை விளைக்கும். ஒருபோதும் அதனைச் செய்யற்க.

படர்தாமரையும் களிம்புக் குழாயும்

தொடையிடுக்கு, இடுப்பு, அக்குள் ஆகிய இடங்களில் வட்டமாகத் தோன்றி, ஓரம் தடித்துச் சிறு குருக்களோடு சிவந்து, நடுவில் தெளிந்து, நாளுக்கு நாள் விரியும் படையே படர்தாமரை. இது பூச்சியால் வருவதன்று, பூஞ்சணத்தால் வருவது. ஈர உடையும் வேர்வையும் அதற்கு உரம் போன்றவை. இடுப்புக் கயிற்றின்கீழ் ஈரம் தங்குவதாலும் அங்கே இது வேரூன்றுகிறது. ஒருவர் துண்டை மற்றவர் உபயோகிப்பதால் பரவுகின்றது.

இவ்வியாதி சென்ற பத்துப் பதினைந்து ஆண்டுகளில் இந்தியா முழுவதும் பெருகி, எளிதில் அடங்காததாகிவிட்டது. அதற்குக் காரணங்களுள் ஒன்று, கடைகளில் கேட்டவுடன் கொடுக்கப்பட்டு வந்த கலப்புக் களிம்புகள். அவற்றில் பூஞ்சண மருந்தோடு ஸ்டீராய்டு என்னும் பொருளும் கலந்திருக்கும். பீட்டாமெத்தசோன், குளோபீட்டசால் என்பவை அவ்வினத்தைச் சேர்ந்தவை. ஸ்டீராய்டு அழற்சியை அடக்குமாதலால் இரண்டு நாளில் அரிப்பு நிற்கும், சிவப்பும் மங்கும். ஆனால் அழற்சியே தேகத்தின் காவல் என்று மேலே கண்டோம். காவலரை உறங்கச் செய்துவிட்டால் பூஞ்சணம் தடையின்றி உள்ளே பரவும். களிம்பை நிறுத்தியவுடன் பன்மடங்காக எழும். நீடித்து உபயோகித்தால் தோல் மெலிந்து, தொடையிடுக்கில் நீங்காத வரிகள் விழும். இதே களிம்பைச் சொறி சிரங்கிற்குப் பூசினால் அடையாளங்கள் மறைந்து வைத்தியரும் கண்டுபிடிக்க இடர்ப்படுவர். மேலே கூறிய பையனுக்கு நேர்ந்தது இதுவே.

இக்கேட்டினைக் கருதி, மத்திய அரசாங்கம் 2018-ஆம் ஆண்டில் இத்தகைய ஸ்டீராய்டுக் களிம்புகள் பலவற்றை வைத்தியர் சீட்டின்றி விற்கலாகாத பட்டியலில் சேர்த்தது. ஆகவே, சீட்டில்லாமல் கேட்பதும் தவறு, கொடுப்பதும் தவறு. கூட்டுறவு மருந்தகங்கள் நம்முடையவை. பிற கடைகள் எவ்வாறாயினும், அவை இவ்விதியினின்று சிறிதும் வழுவாமல் நடப்பதைக் கண்காணிப்பது அங்கத்தினர்களின் உரிமையும் கடமையுமாகும்.

ஸ்டீராய்டு எப்போதும் தீயது என்று கொள்ளற்க. அடுத்துக் கூறப்போகும் கரப்பானுக்கு அதுவே நல்ல மருந்து. ஏற்ற வியாதிக்கு, ஏற்ற வலிமையில், ஏற்ற காலம் வரையில் வைத்தியர் கொடுத்தால் நன்மை தரும். ஒரு குழாய் ஒருவர்க்கு அமிர்தமாகவும் மற்றவர்க்கு நஞ்சாகவும் இருப்பது இதனாலேயாம்.

படர்தாமரைக்கு உரியது பூஞ்சண மருந்து மட்டுமே கொண்ட களிம்பு அல்லது மாத்திரை. படை மறைந்தவுடன் நிறுத்திவிடாமல், வைத்தியர் சொன்ன நாள் முழுவதும் உபயோகிக்க வேண்டும். உடையைத் தினந்தோறும் துவைத்து வெயிலிலிட்டு, உலர்ந்ததையே உடுத்துக.

கரப்பான்

குழந்தைகளின் கன்னத்திலும், பெரிய பிள்ளைகளின் முழங்கை முழங்கால் மடிப்புகளிலும் தோல் வறண்டு, சிவந்து, நீர் கசிந்து, அரித்துத் தடிப்பது கரப்பான். இது தொற்றுவதன்று. இக்குழந்தைகளின் தோல் இயல்பாகவே ஈரத்தைக் காக்கும் திறன் குறைந்தது. இழைப்பும், ஓயாத தும்மலும் உள்ள குடும்பங்களில் இஃது அதிகம் காணப்படும்.

கரப்பான் குழந்தையோடு பிற குழந்தைகளை விளையாட விடாதிருப்பது வீண் கொடுமை. அவ்வாறே, கரப்பான் பண்டம் என்று சொல்லி முட்டை, மீன், கத்தரிக்காய் என ஒவ்வொன்றாக நிறுத்திக் குழந்தையை மெலிய வைப்பதும் கூடாது. ஓர் உணவு உண்டபோதெல்லாம் தெளிவாக மிகுகின்றதெனின், அதனை வைத்தியரிடம் சொல்லி, அவர் யோசனைப்படி நிறுத்துக. முக்கிய சிகிச்சை எண்ணெய்ப் பசையே: கொதிக்காத இளஞ்சூட்டு நீரில் சுருக்கமாகக் குளிப்பாட்டி, காரமான சவர்க்காரத்தை நீக்கி, தோல் ஈரமாயிருக்கும்போதே தூய தேங்காயெண்ணெயோ வைத்தியர் தரும் பசைக் களிம்போ தடவி, தினம் இருமுறை தொடரவேண்டும். உரசும் கம்பளி உடையை விலக்கிப் பருத்தி உடை உடுத்துக.

வேர்க்குருவும் காணாக்கடியும்

அக்கினி நட்சத்திர நாட்களில் முதுகிலும் கழுத்திலும் முள் குத்துவது போல் எழும் சிறு குருக்கள் வேர்க்குரு என்பதை அனைவரும் அறிவர். வேர்வைக் குழாய்கள் அடைபடுவதால் இது வருகின்றது. காற்றும் நிழலும் குளிர்ந்த நீரும் தளர்ந்த பருத்தி உடையுமே இதற்கு மருந்து. கெட்டியான எண்ணெய்களையும் களிம்புகளையும் பூசினால் அடைப்பு மிகும்.

திடீரெனத் தடிப்புத் தடிப்பாக எழுந்து, சில மணி நேரத்தில் ஓரிடத்தில் மறைந்து வேறிடத்தில் தோன்றுவது காணாக்கடி. ஒவ்வொரு தடிப்பும் பெரும்பாலும் ஒரு நாளைக்குள் தழும்பின்றி மறைவதே இதன் அடையாளம். கண்ணுக்குத் தெரியாத பூச்சி கடித்ததென்று நம் முன்னோர் இப்பெயரிட்டனர். உண்மையில் இஃது ஒவ்வாமை போன்ற காரணங்களால் தேகத்தின் உள்ளிருந்து எழுவது. இறால், நண்டு போன்றவையும், சில மருந்துகளும், காய்ச்சல் கிருமிகளும் காரணமாகலாம். பல சமயங்களில் காரணம் புலப்படுவதேயில்லை. பொதுவாகத் தானே அடங்கும். ஆனால் உதடோ நாக்கோ வீங்கினாலும், குரல் கம்மினாலும், மூச்சுத் திணறினாலும், தலை சுற்றி மயக்கம் வந்தாலும் ஒரு நிமிஷமும் தாமதியாமல் 108 வண்டியை அழைக்கவேண்டும். அந்நேரத்தில் மந்திரித்தலும் பச்சிலை தேடுதலும் உயிரைப் பறிகொடுப்பதற்கே ஏதுவாகும்.

தொழிலால் வரும் தினவு

இதுவரை கூறியவை எவ்வூரிலும் வருவன. நம் ஜில்லாவின் தொழில்களால் வருவன இரண்டு உண்டு.

பண்ருட்டி, விருத்தாசலம் பக்கங்களில் முந்திரிக் கொட்டை உடைப்போரின் விரல்கள் கறுத்து, தோலுரிந்து, கொப்புளித்திருப்பதைக் காணலாம். முந்திரியின் ஓட்டில் காரமுள்ள ஓர் எண்ணெய் இருக்கின்றது. அது பட்ட இடத்தைச் சுடும். சிலருக்கு ஒவ்வாமையையும் உண்டாக்கி, பட்டவிடம் மட்டுமன்றி முகத்திலும் கண்ணிமையிலும் அரிப்பையும் வீக்கத்தையும் கொணரும். முந்திரியும் மாவும் சேங்கொட்டையும் ஒரே குடும்பத்து மரங்கள். சலவைத் தொழிலாளர் துணியில் குறியிடப் பயன்படுத்திய சேங்கொட்டைச் சாற்றால், அக்குறி பட்ட கழுத்திலும் இடுப்பிலும் சிலருக்குத் தோல் வெந்துபோனதுண்டு. இதற்குத் தடுப்பு, கையுறையும், கையுறையின்கீழ்ப் பூசும் எண்ணெயும், வேலை முடிந்தவுடன் சவர்க்காரமிட்டுக் கழுவுதலும், கழுவாத கையால் முகத்தைத் தொடாமையுமாகும். முந்திரி பதப்படுத்துவோர்க்குக் கடன் கொடுக்கும் சங்கங்கள், கையுறைச் செலவையும் தொழிற் செலவில் ஒன்றாகக் கருதுதல் நலம்.

வீராணம் ஏரியும் கொள்ளிடமும் பாயும் சிதம்பரம், காட்டுமன்னார்கோயில் பகுதிகளில், நாற்றுப் பிடுங்கி நடுவோர்க்குக் கால்விரலிடுக்கில் தோல் வெளுத்து ஊறி, வெடித்து, அரித்து எரியும் சேற்றுப்புண் உண்டாகின்றது. நெடுநேரம் ஈரத்தில் ஊறிய தோலில் பூஞ்சணமும் கிருமிகளும் குடியேறுவதே காரணம். மருதாணி அரைத்து வைப்பது நம் வழக்கம். எதை வைத்தாலும், வயலிலிருந்து வந்தவுடன் நல்ல நீரில் கழுவி, விரலிடுக்கைத் துணியால் ஒற்றி உலர்த்துவதே முதல் மருந்து. உலராத காலில் எம்மருந்தும் நில்லாது. நீரிழிவு உடையவர்கள் சேற்றுப்புண்ணைச் சிறிதாக எண்ணாமல் உடனே வைத்தியரிடம் காட்டவேண்டும்.

அரிக்காத தேமல்

அரிப்பைப் பற்றிய பாடத்தில் அரிக்காததைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லவேண்டியிருக்கின்றது. வெளுத்தோ செம்மையாகவோ ஒரு தேமல் தோன்றி, அதில் அரிப்பும் இல்லாமல், தொட்டால் உணர்ச்சியும் இல்லாமலிருந்தால், அது தொழுநோயாக இருக்கலாம். அரிப்புள்ள படையைக் கண்டு தொழுநோயென்று அஞ்சி ஒளிப்போர் பலர். உணர்ச்சியற்ற தேமலை, "தொந்தரவில்லையே" என்று விட்டுவிடுவோரும் பலர். இருவரும் தவறுகின்றனர். தொழுநோய்க்குரிய கூட்டு மருந்து அரசாங்க ஆஸ்பத்திரிகளில் இலவசமாகக் கிடைக்கின்றது. ஆரம்பத்திலேயே உட்கொண்டால், கை கால் ஊனமின்றி முற்றும் குணமாகலாம்.

சங்கம் செய்யக்கூடியது

வைத்தியம் சங்கத்தின் வேலையன்று. ஆனால் ஒற்றுமைப்படுத்துவது சங்கத்தின் வேலையே. ஒரு தெருவில் மூன்று நான்கு வீடுகளில் சொறி சிரங்கு கண்டால், நிர்வாகக் குழுவினர் கிராம சுகாதாரச் செவிலியருக்கு அறிவித்து, அவர் யோசனைப்படி ஒரு நாளைக் குறித்து, அத்தெருவார் அனைவரும் அன்று மாலையே மருந்து பூசிக்கொள்ளுமாறு செய்யலாம். எட்டாம் நாள் மறுபூச்சினை நினைவூட்டலாம். மாணவர் விடுதியிலுள்ள பிள்ளைகளையும் அன்றே சேர்த்துக்கொள்ள வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பரீட்சைக்கும் மருந்துக்கும் கட்டணமில்லை. அங்கே தெளியாதவற்றிற்குக் கடலூர் அரசாங்கத் தலைமை ஆஸ்பத்திரியும், அண்ணாமலை நகரில் முன்னர் இராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி என வழங்கி, பின் அரசாங்கம் ஏற்று நடத்தும் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியும் இருக்கின்றன.

யாவற்றிற்கும் மேலாக, வெட்கத்தை விலக்கவேண்டும். சிரங்கு அழுக்கர்க்கே வரும் என்பது பொய். தினம் இருமுறை குளிப்பவரையும் அது விடாது. வெட்கத்தால் மறைப்பவர் தம் வீட்டார்க்கும் அண்டை வீட்டார்க்கும் அதனைப் பங்கிட்டுக் கொடுக்கிறார். மறைத்த கடன் வட்டியோடு வளர்வதை நாம் அறிவோமன்றோ?

நான் கண்ட அப்பையன் இப்போது பள்ளிக்குச் செல்கின்றான். அவன் தகப்பனார் மறு அறுவடையில் இரண்டு தவணைகளையும் சேர்த்துக் கட்டிவிட்டார். ரசீதைப் பெற்றுக்கொண்டு, "ஐயா, முதல் குழாய் வாங்குவதற்கு முன்னால் யாராவது இதைச் சொல்லியிருக்கலாமே" என்றார். இப்பாடம் எழுதப்பட்டது அதற்காகவே.

சங்கக் கூட்டத்தில் ஆலோசிக்க வேண்டிய வினாக்கள்

1. வீட்டில் ஒருவர்க்கு மட்டும் அரிப்பிருக்க, எல்லோரும் மருந்து பூசிக்கொள்ள வேண்டுவது ஏன்?

2. இரண்டு நாளில் அரிப்பை நிறுத்தும் களிம்பு, படர்தாமரையை வளர்ப்பது எவ்வாறு?

3. சொறி சிரங்கு, கரப்பான், காணாக்கடி ஆகிய மூன்றையும் எவ்வடையாளங்களால் பிரித்தறியலாம்?

4. எவ்வெக் குறிகளைக் கண்டால் உடனே ஆஸ்பத்திரிக்குச் செல்லவேண்டும்? உதடு நாக்கு வீக்கம், மூச்சுத் திணறல், முக வீக்கத்தோடு கறுத்த சிறுநீர், சீழோடு கூடிய காய்ச்சல், உணர்ச்சியற்ற தேமல் ஆகிய ஒவ்வொன்றும் எதனைக் குறிக்கும்?

5. நம் கிராமத்தில் மறுபூச்சு நாளை நினைவூட்டும் பொறுப்பை யார் ஏற்பது?